கச்சான் காலத்தில் எந்தக் கடலை நம்புவது?

அக்காவின் மகன் கட்டாரிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. கொண்டுவந்த காசு வங்கியில் கிடக்கிறது. அவனுக்குக் கரையில் இருப்புக் கொள்ளவில்லை. போன கிழமை திருகோணமலையில் திருக்கடலூர் கரையில் நான் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினான்.

"மாமா, இந்தக் கச்சான் காத்துக் காலத்துக்கு என்ன தொழில் செய்யலாம் எண்டு நீங்கதான் சொல்லோணும். நாலு யோசனை வைச்சிருக்கிறன்."

ஒன்று, சொந்தமாக ஒரு பைபர் படகும் இருபத்தைந்து குதிரைவலு எஞ்சினும் வாங்கி வெள்ளாப்பில், விடியிற நேரத்தில், போய் வெயில் ஏற முன் திரும்புவது. இரண்டு, கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் படகில் ஆளாய் ஏறுவது. மூன்று, கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொழில் பார்ப்பது, அல்லது கரையில் நின்று இழுக்கிற கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவரோடு பங்குக்குச் சேர்வது. நான்கு, நிலாவெளியில் படகு வைத்துப் புறாமலைத் தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் வெள்ளைக்காரரை ஏற்றுவது.

நாலிலும் காசு இருக்கிறது. எது கூடத் தரும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எஞ்சின் நிண்டால் காத்து உன்னை எங்க கொண்டுபோகும்?"

அவனிடம் சொன்னதை விரித்து எழுதுகிறேன். இதே யோசனையோடு இந்த வருடம் கரையில் நிற்கிற பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

மே மாதம் பிறந்தால் நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம் கடல் மூடிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரைக்கு நேரே வந்து மோதும். படகு இறக்க முடியாது. அதனால்தான் அங்கிருந்து ஆட்கள் வலையும் படகுமாக எங்கள் பக்கம் வந்து கரையில் குடிசை கட்டி வாடி போடுகிறார்கள். அதே மாதத்தில் எங்கள் கரை எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். மத்திய மலைநாடு மழையை மேற்கிலேயே பிழிந்து எடுத்துவிடுகிறது. மலையைத் தாண்டி எங்களிடம் இறங்கி வருவது காய்ந்த, சுடுகிற காற்று. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். வெயில் 35 பாகையைத் தாண்டும், கிணறு வற்றும், மழை என்றால் பின்னேரத்து இடிமழை மட்டும்தான். வருடத்து மழையில் பெரும்பங்கு எங்களுக்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான் வந்து சேரும்.

ஆக, ஊர் முழுக்க இதை "நல்ல கடல் காலம்" என்று சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். ஆனால் அந்த நல்ல கடலுக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். எஞ்சின் நின்றாலும் அலை உன்னை அடித்து உதைத்துக் கரையில் கொண்டுவந்து போடும். படகு உடையும், ஆள் பெரும்பாலும் மிஞ்சுவான். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. எஞ்சின் நின்றால் ஒரு அலையும் உன்னை அடிக்காது, சத்தமே இல்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் கரையில் அது பறக்கிற திசை கிழக்கு.

கரையோரம் கடல் ஏன் தட்டையாய் இருக்கிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். அலை வளர்வதற்குக் காற்று தண்ணீர் மேல் ஓட இடம் வேண்டும். கரையை விட்டு இப்போதுதான் இறங்கிய காற்றுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. எவ்வளவு பலமாய் அடித்தாலும் முதல் இரண்டு மைலுக்குத் தண்ணீரில் சுருக்கம் மட்டும்தான் தெரியும். கரையில் நின்று பார்ப்பவன் "இண்டைக்குக் கடல் நல்லம்" என்று இறக்கிவிடுவான். ஏழு எட்டு மைல் போனதும் கடல் வெள்ளை பூத்துக் கிடக்கும். அப்போது திரும்ப நினைத்தால் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. ஒரு ஆவணி மாதம், நானும் இன்னொருவரும் கோணேசர் மலைக்குக் கிழக்கே ஐந்து மைலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்கு எஞ்சின் இருமி நின்றது. மண்ணெண்ணெய்யில் தண்ணீர். எங்கள் எஞ்சின்களைப் பெற்றோலில் தொடக்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அன்று மறுபடி தொடக்க வைத்திருந்த பெற்றோல் போத்தலும் அரைவாசிதான். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், ஊதினேன், மாட்டினேன். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை பிய்ந்தது. கூட வந்தவர் நங்கூரத்தைப் போட்டார். கயிறு முழுவதும் போய் முடிந்தது, நங்கூரம் அடியைத் தொடவில்லை. திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாய் வரைக்கும் வந்து கிடக்கிறது. இவ்வளவு பெரிய கப்பல்கள் உள்ளே வர முடிகிறதே, அதற்கும் அந்த ஆழம்தான் காரணம். எங்களிடம் இருந்ததோ நாற்பது பாகம் கயிறு, ஒரு பாகம் ஆறு அடி.

துடுப்புப் போட்டோம். அரை மணித்தியாலம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் கோயில் கோபுரம் முன்னைவிடச் சின்னதாய்த் தெரிந்தது. அதற்குப் பிறகு துடுப்பைப் போட்டுவிட்டு, ஒரு வாளியையும் பழைய வலைத்துண்டையும் கயிற்றில் கட்டி முன்பக்கத்து அணியத்தால் இறக்கினோம். படகின் மூக்கு காற்றுக்குத் திரும்பியது, ஓட்டம் பாதியாய்க் குறைந்தது. பின்னேரம் மூன்று மணிக்குக் கிண்ணியாப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. அந்தப் படகு அன்று வேறு வழியால் திரும்பியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

கணக்கைப் பாருங்கள். எஞ்சின் இல்லாத சிறு படகு கச்சானில் மணிக்கு ஒன்றரைக் கடல் மைல் வீதம் போகிறது என்று வைப்போம். ஒரு நாளில் 36 கடல் மைல், அதாவது அறுபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். நேர் கிழக்கே அடுத்த நிலம் அந்தமான் நிக்கோபார் தீவுகள், ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர். இருபது நாள். வெள்ளாப்பில் போய்ப் பத்து மணிக்குத் திரும்புகிறவன் எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டுபோவான்?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாலு யோசனையையும் பார்ப்போம்.

பலநாள் படகிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மருமகனின் கண் அதில்தான் இருந்தது. காசு போடத் தேவையில்லை. செலவு கழித்து மிச்சத்தில் பங்கு வரும். நான்கு ஐந்து கிழமை கடலில். படகு பெரியது, டீசல் எஞ்சின், தூர வானொலி, செய்மதி வழியாய்ப் படகு எங்கே நிற்கிறது என்று காட்டுகிற கருவி எல்லாம் இருக்கிறது. சிறு படகைவிட எல்லா விதத்திலும் பாதுகாப்பு என்று தோன்றும். அது எந்த மாதம், எந்தத் திசை என்பதைப் பொறுத்தது. படகை நடத்துகிற எங்கள் தண்டையல்மாருக்குப் பொதுவாக மூன்று திசை இருக்கிறது.

தீவின் தென்முனையான தெய்வேந்திரமுனையைச் சுற்றி மேற்கே அரபிக்கடலுக்குப் போவது முதலாவது. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் தலை காட்டவே கூடாது என்பது என் முடிவு. ஆபிரிக்கக் கரையோரமாய்ப் பூமியின் நடுக்கோட்டைத் தாண்டி வருகிற காற்று சோமாலியாவுக்கு அப்பால் ஒரு ஆறுபோல் ஒடுங்கிப் பாய்கிறது. பூமியில் கடல்மட்டத்துக்குக் கிட்ட வீசுகிற மிகப் பலமான, பருவம் முழுக்க விடாமல் அடிக்கிற காற்றுகளில் அது ஒன்று. ஜூலையில் நடு அரபிக்கடலில் நான்கு ஐந்து மீற்றர் அலை சாதாரணம். இந்தியாவின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளைக் கட்டி வைக்கிறார்கள். அது மீன் பெருகுவதற்கான தடை, ஆனாலும் கடலின் குணமும் அதோடு ஒத்துப்போகிறது. ஜூனில் புயலும் உண்டு. 2007இல் கோனு ஓமானுக்குப் போனது, 2023இல் பிபர்ஜோய் குஜராத்துக்குப் போனது, இரண்டும் ஜூன் மாதம். போகிற வழியே மோசம்: அம்பாந்தோட்டைக்குத் தெற்கே, தீவின் மூலையைச் சுற்றி வருகிற காற்று நெருக்கப்பட்டு இன்னும் வேகமாய் அடிக்கும்.

தெற்கே நடுக்கோட்டுப் பக்கம் போவது இரண்டாவது. திருகோணமலையிலிருந்து சுமார் 950 கிலோமீற்றர், ஏழு கடல் மைல் வேகத்தில் மூன்று நாள் ஓட்டம். அங்கே போய்ச் சேர்ந்தால் காற்று தணிந்திருக்கும். திடீர்ச் சூறை வரும், போகும். ஆனால் எங்களுக்கு ஆடி என்றால் தென்கோளத்தில் நடுக் குளிர்காலம். அங்கே எழும்புகிற பெரும் அலை ஆயிரக்கணக்கான மைல் ஓடி, நீளமாய்ப் படுத்து, வடக்கே வருகிறது. பெரிய படகுக்கு அது நடுக்கடலில் ஏறி இறங்குகிற மேடு மட்டும்தான். கரைக்கு வந்தால் குணம் மாறும். கேரளத்தில் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். காற்றே இல்லாத நாளில் அலை எழுந்து வீட்டுக்குள் வரும்.

மூன்றாவதுதான் எங்கள் வங்காள விரிகுடா. இங்கே மே மாதத்தைத் தனியாய் எடுத்துப் பேச வேண்டும். 2020இல் அம்பன், 2021இல் யாஸ், 2022இல் அசானி, 2023இல் மோக்கா, 2024இல் ரீமால். ஐந்து வருடம் தொடர்ந்து மே மாதத்தில் இந்த விரிகுடாவில் புயல். எங்கள் கரையை அடிக்கிற புயல் கார்த்திகை, மார்கழியில் வருவது. 2000 டிசம்பரில் வந்தது, 2020 டிசம்பரில் புரேவி குச்சவெளிப் பக்கம் ஏறியது. மே மாதப் புயல் எங்களைத் தொடாமல் வடக்கே போகும், அதனால் ஊரில் யாரும் அதைப் பெரிதாய் எடுப்பதில்லை. ஆனால் அது போகிற பாதைதான் பலநாள் படகுகள் நிற்கிற கடல். கரைக்கு வராத புயல் கடலில் நிற்பவனுக்கும் வராது என்று நினைத்துவிடக்கூடாது.

ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. மேல் காற்றும் கீழ்க் காற்றும் எதிரெதிராய் இழுப்பதால் பெரும் புயல் கட்ட முடியாமல் போகிறது. பதிலாக விரிகுடாவின் தலைப்பக்கம், ஒடிசா, வங்கக் கரைக்கு முன்னால், தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உருவாகி மேற்கே நிலத்துக்குள் போகும். கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர் அங்கே உப்புநீருக்கு மேல் ஒரு போர்வைபோல் மிதக்கிறது. கீழே இருக்கிற குளிர்நீர் மேலே வந்து கலக்க முடியாது. மேல்நீர் 28 பாகைக்கு மேலேயே நின்று தாழமுக்கத்துக்குத் தீனி போடுகிறது. அரபிக்கடல் இதே மாதங்களில் சோமாலியா, ஓமான் கரைகளில் ஆழநீர் மேலே வந்து குளிர்ந்துபோகிறது. ஒரே சமுத்திரத்தின் இரண்டு கைகள், ஒரே பருவக்காற்று, குணம் மட்டும் நேர்மாறு.

எங்களுக்கு இதில் என்ன? வடக்கே தாழமுக்கம் ஒன்று கட்டினால் அது தெற்கிலிருந்து காற்றை இழுக்கும். 1,200 கிலோமீற்றருக்கு அப்பால் ஒடிசாவில் மழை என்று செய்தி வந்தால், திருகோணமலையில் கச்சான் இறுகும். நான் பல வருடமாய் இந்தியச் செய்தியை அதற்காகவே கேட்கிறேன். "அங்க மழை பெய்தால் எங்களுக்கென்ன" என்று சிரிக்கிற ஆட்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

இந்த விரிகுடாவில் மீன் எங்கே நிற்கிறது என்பதற்கும் காற்றோடு தொடர்பு இருக்கிறது. கச்சான் காலத்தில் இலங்கைக்குத் தெற்கால் பெரும் நீரோட்டம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடி, தீவைத் தாண்டியதும் வடகிழக்காய்த் திரும்பி விரிகுடாவுக்குள் நுழைகிறது. அதற்கும் எங்கள் கரைக்கும் நடுவில் கடல் இடஞ்சுழியாய்ச் சுற்றும். சுழியின் நடுவில் ஆழத்துக் குளிர்நீர் மேலே கிளம்பும். கடலாய்வாளர் அதை இலங்கைக் குவிமாடம் என்கிறார்கள். குளிர்நீரோடு ஊட்டம் வரும், ஊட்டத்தோடு சிறு மீன், அதன் பின்னால் சூரை. எங்கள் கரையோரத்தில் அந்தச் சுழியின் மேற்குக் கை தெற்கு நோக்கி இழுக்கும். அதனால் காற்று கிழக்கே தள்ளும்போதே நீர் தெற்கே தள்ளும். தொலைந்த படகைத் தேடுகிறவர்கள் நேர் கிழக்கே மட்டும் பார்த்தால் போதாது.

ஆக, பலநாள் படகுக்கு என் முடிவு: மே வேண்டாம், ஜூன் கடைசியிலிருந்து நடு விரிகுடா, வடக்கே மிகத் தூரம் போகாமல். இரண்டு மூன்று மீற்றர் அலை இருக்கும், அந்தப் படகு தாங்கும். ஆனால் ஒன்றைத் தண்டையலிடம் கேட்டுவிட்டு ஏற வேண்டும். போகும்போது காற்று முதுகில், படகும் வெறும் படகு. வரும்போது மீனும் ஐசும் நிறைந்த படகு, காற்று முகத்தில். போன டீசலைவிட வருகிற டீசல் கூட வேண்டும். டீசலைப் போகப் பாதி, வரப் பாதி என்று பிரித்து வைத்திருக்கிற தண்டையலோடு போகாதே என்றேன். அந்தப் பக்கம் வேற்று நாட்டுக் கடல் எல்லை தாண்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மருமகனுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மகள் பிறந்து ஏழு மாதம். நாலு வருடம் தொலைபேசியில் குடும்பம் நடத்தியவன் மறுபடி ஐந்து கிழமை காணாமல் போவதை அக்கா ஏற்கமாட்டா.

குடாவும் கரைவலையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் இவைதான் முதலாவது. மகாவலி வந்து விழுகிற மூதூர், கிண்ணியாப் பக்கம் ஆழம் குறைவு; எஞ்சின் நின்றால் நங்கூரம் பிடிக்கும், கத்தினால் கேட்கிற தூரத்தில் இன்னொரு படகு நிற்கும். குடாவின் நடுவுக்கும் வாய்ப்பக்கத்துக்கும் போனால் மறுபடி அந்தப் பள்ளத்தாக்கு. கடற்படை மறித்த இடங்களும் உண்டு. மீன் குறைவு, ஆட்கள் அதிகம். கரைவலைக்குப் பாடு, அதாவது வலை இழுக்க உரிமையுள்ள கரைத்துண்டு, வேண்டும், இருபது முப்பது பேருக்கு முற்பணம் வேண்டும். வலை வளைக்கப் போகிற ஒரு படகைத் தவிர எல்லாரும் மணலில் நிற்கிறார்கள். நெத்தலியும் சாளையும் வந்தால் ஊரே சாப்பிடும், வராவிட்டால் முற்பணம் கொடுத்தவன் மட்டும் பட்டினி. புதிதாய் வந்தவன் சம்மாட்டி ஆவதற்கு இது காலம் இல்லை. பங்குக்கு வலை இழுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சுற்றுலாப் படகை மருமகன் இலகுவான வேலை என்று நினைத்திருந்தான். நிலாவெளியிலிருந்து புறாமலை ஒரு கிலோமீற்றர்தான். மே முதல் செப்டெம்பர் வரை காலைத் தண்ணீர் கண்ணாடி. உண்மை. ஆனால் அங்கேயும் அதே காற்றுதான். கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பவளத்தைப் பார்க்கிற ஆள், காற்று தன்னை வெளியே தள்ளுவதை அறியமாட்டார். பத்து மணிக்குப் பிறகு அவரைக் கண்ணால் பிடித்து வைத்திருப்பதுதான் படகுக்காரரின் முழு வேலை. திமிங்கிலம் பார்க்கப் போவது இன்னும் வேறு. பள்ளத்தாக்கின் ஆழம் கரைக்குக் கிட்ட வருவதால்தான் நீலத்திமிங்கிலம் எங்கள் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது, அதே ஆழத்தில்தான் என் நங்கூரம் தொங்கியது. கடல் தெரியாத ஆறு பேரை ஏற்றிக்கொண்டு அங்கே போகிறவன், தூண்டில்காரனைவிட இரண்டு மடங்கு ஆயத்தமாய் இருக்க வேண்டும். வருமானமோ கடலை மட்டும் பார்த்து வருவதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை. மூன்று தடவையும் கடல் நன்றாய்த்தான் இருந்தது, ஆட்கள்தான் வரவில்லை. வேறு தொழிலோடு சேர்த்துச் செய்தால் சரி, இதையே நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

மிச்சம் பைபர் படகு. என் கதையைக் கேட்ட பிறகும் நான் அவனுக்கு இதைத்தான் சொன்னேன் என்பது சிலருக்கு விசித்திரமாய்த் தெரியலாம். காரணம் இருக்கிறது. மற்ற மூன்றிலும் காற்றைப் பற்றிய முடிவை வேறொருவர் எடுக்கிறார்: தண்டையல், சம்மாட்டி, அல்லது காசு கட்டிவிட்டு அவசரப்படுகிற பயணி. இதில் இறக்குவதா, விடுவதா என்பது உன் கையில். காலை நாலு மணிக்கு "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுக்கிற சுதந்திரம் பெரிய சுதந்திரம். அதைப் பாவிக்கத் தெரிய வேண்டும்.

எப்படிப் பாவிப்பது? வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை முதலில் கேட்க வேண்டும். திருகோணமலையின் பெயர் வருகிற வரி எங்களுக்கு உரியது. அதில் முதலில் சொல்கிற 30, 40 கிலோமீற்றர் வேகத்தை விட, "அவ்வப்போது" என்ற சொல்லுக்குப் பின்னால் வருகிற எண்தான் முக்கியம். அது 50, 60 என்றால் சிறு படகு கரையில் கிடக்கட்டும். அறிக்கை பெரிய கடற்பரப்புக்குச் சொல்வது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லாது. பிள்ளைகள் இப்போது தொலைபேசியில் விண்டி என்கிற காற்றுப் படம் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் நீலம், பச்சை என்று திருகோணமலைப் புள்ளியை மட்டும் பார்க்கிறார்கள். விரலால் படத்தைச் சுருக்கி விரிகுடா முழுவதையும் பார். வடக்கே காற்று சுற்றுகிறதா என்று பார். சராசரிக் காற்றைப் பார்க்காமல், திடீரென்று பலத்து அடிக்கிற விசுறு காற்றைப் பார். அதற்குப் பிறகு வெளியே வந்து தென்னையைப் பார். இரவில் நிலம் குளிர்ந்து காற்று தணிய வேண்டும். விடியப்புறம் நாலு மணிக்கும் ஓலை ஆடிக்கொண்டே இருந்தால் மேலே காற்று பலமாய் இருக்கிறது. வெயில் ஏறியதும் அது முழுதாய் இறங்கும். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் நான் இறக்கியதில்லை.

மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எது மோசமாய்ச் சொல்கிறதோ அதை நம்ப வேண்டும். 2013 ஜூனில் மேற்கு, தெற்குக் கரைகளில் ஒரே இரவில் அடித்த காற்றில் எத்தனை படகு திரும்பவில்லை என்பதை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு இரவு ஆவணி, புரட்டாசியில்தான் வரக்கூடும். பின்னேரம் உள்நாட்டில் கட்டுகிற இடிமுகில் கச்சானோடு கிழக்கே நகர்ந்து இருட்டியபிறகு கடலுக்கு வரும். இடிமழையோடு வருகிற காற்று 70, 80 கிலோமீற்றரைத் தொடும். மேற்கே, ஹொரவப்பொத்தானைப் பக்கம், மின்னல் வெட்டினால் இரவு வலைக்குப் போகாதே. முகில் கரைக்கு மேலே இருப்பதால் கடல் பக்கம் நட்சத்திரம் தெரியும். அதைப் பார்த்து ஏமாறாதே.

செலவிலும் ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாய் 340 ரூபாய்க்கு ஏறியபோது பலர் எஞ்சினை இறக்கி வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது: போகவும் வரவும் அளந்து எண்ணெய் ஊற்றுவது, மலிவாய்க் கிடைக்கிற கலப்பு எண்ணெய்யை வடிக்காமல் ஊற்றுவது. எதிர்க்காற்றில் திரும்புகிற படகுக்கு அளந்த எண்ணெய் போதாது. என்னைப் பழுதாக்கியதும் ஒரு சிரட்டைத் தண்ணீர்தான். எண்ணெய்யை மெல்லிய துணியால் வடித்து, கலனை அரை மணி அசையாமல் வைத்து, அடியில் நிற்கிறதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுத்தான் படகில் ஏற்ற வேண்டும். சுனாமிக்குப் பிறகு கிடைத்த படகுகள் சிலது இன்னும் கரையில் விலை பேசப்படுகின்றன. பைபரின் அடி மெல்லியது, நகத்தால் தட்டினால் சத்தமே சொல்லும். மலிவு என்று அதை வாங்காதே.

மருமகனுக்கும் எனக்கும் முடிவானது இது. புதுப் படகு இல்லை; எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் பதினெட்டு அடிப் படகு, அடி பார்த்தாயிற்று. கொண்டுவந்த காசில் பாதியைத் தொடுவதில்லை. தனியாய்ப் போவதில்லை, பக்கத்து வீட்டுப் படகோடு சோடியாய்ப் போவது, ஒன்று நின்றால் மற்றது இழுப்பது, ஒன்றையொன்று கண்ணுக்கு மறைய விடுவதில்லை. இந்தக் கச்சானுக்கு ஐந்து மைலுக்கு அப்பால் போவதில்லை. பத்து மணிக்குக் கரை. படகில் இருபது லீற்றர் தண்ணீர், இரண்டு துடுப்பு, புதுப் பிளக் இரண்டு, முழுப் பெற்றோல் போத்தல், லைஃப் ஜாக்கெட், வெயிலில் மினுக்கிக் காட்ட ஒரு கண்ணாடித் துண்டு, பெரிய வாளியும் முப்பது பாகம் கயிறும். வாளி எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

மே மாதப் புயல் காலம் கழியட்டும் என்று ஆனி பிறந்து முதல் கிழமையில் இறக்குவதாகப் பேச்சு. அதற்குள் அவனுடைய எஞ்சினை நான் ஒருமுறை முழுதாய்க் கழற்றிப் பூட்ட வேண்டும். நாளைக் காலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.